பஞ்சமி நிலத்திலிருந்து பெரும்பாக்கம் வரை: சென்னைப் புறநகர் வளர்ந்த கதை

சென்னை எப்படி வளர்ந்தது என்று கேட்டால் பொதுவாக ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. தொழிற்சாலைகள் வந்தன, ஐ.டி. கம்பெனிகள் வந்தன, வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், நகரத்துக்குள் இடம் போதவில்லை, அதனால் தாம்பரத்தையும் சோழிங்கநல்லூரையும் பூந்தமல்லியையும் தாண்டி நகரம் பரவியது. இந்தக் கதையில் நிலம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது. யாரும் குடியிருக்காத, யாரும் உழாத, யாருக்கும் உரிமை இல்லாத பொட்டல் ஒன்று நகரத்துக்காகக் காத்துக்கிடந்தது போல.

வளர்ச்சி உண்மைதான். 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமாக, அதாவது ஏழு சதவீதம் மட்டுமே கூடியது. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சமாகவும், திருவள்ளூர் 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சமாகவும் உயர்ந்தன. நகரத்தின் எடை விளிம்புக்கு நகர்ந்துவிட்டது என்பதை இந்தக் கணக்கே சொல்லும். ஆனால் அந்த விளிம்பில் ஏற்கெனவே யார் இருந்தார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். காஞ்சிபுரத்தில் அது ஏறத்தாழ 24 சதவீதம், திருவள்ளூரில் 22 சதவீதம். சென்னையைச் சுற்றியுள்ள நிலம் காலி நிலம் அல்ல. தலித் மக்கள் அடர்த்தியாக வாழும் நிலம்.

நாம் இங்கே சொல்ல வருவது இதுதான். சென்னையின் புறநகர் வளர்ச்சி தலித் மக்களை இரண்டு வழிகளில் தாக்கியது. நகரைச் சுற்றியிருந்த கிராமங்களில் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் கைமாறி மனையானது. நகரத்துக்குள் குடியிருந்தவர்களோ அதே வட்டாரத்தின் சதுப்பு ஓரங்களுக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். முதலாவதைப் பஞ்சமி நிலப் பிரச்சினை என்கிறோம். இரண்டாவதைக் குடிசை அகற்றும் பிரச்சினை என்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிக் கூட்டம், தனித்தனி மனு, தனித்தனி அலுவலகம். வரலாற்றில் இவை இரண்டும் ஒன்றுதான்.

மிராசும் சேரியும்

செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. அங்கே கம்பெனி எதிர்கொண்ட நில உறவுக்கு மிராசு என்று பெயர். கிராமத்தின் விளைச்சலிலும் நிலத்திலும் பங்குரிமை கொண்டவர்கள் மிராசுதாரர்கள். வேளாளர், பார்ப்பனர் போன்ற ஆதிக்கச் சாதியினரே பெரும்பாலும் அந்த உரிமையை வைத்திருந்தார்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பறையர்கள். பண்ணையாட்களாகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கப்பட்டவர்கள். அடிமை முறை 1843இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகும் கடனும் பசியும் அவர்களைக் கட்டியே வைத்திருந்தன.

சேரி ஊருக்கு வெளியே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சேரி இருந்த இடமும் சேரிக்காரர்களுக்குச் சொந்தமில்லை என்பது பலருக்குத் தெரியாது. குடிசை போட்டிருந்த மண்ணே மிராசுதாரரின் உரிமையில் இருந்தது. எதிர்த்துப் பேசினால், வேறு ஒருவரிடம் வேலைக்குப் போனால், மதம் மாறினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடியும். தரிசு நிலத்துக்கு அரசிடம் தர்க்காஸ்து மனு போட்டாலும் முதல் உரிமை மிராசுதாரருக்கே. கண்ணெதிரே நிலம் தரிசாகக் கிடந்தாலும் ஒரு பறையர் அதைப் பெற முடியாது.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர் இதையெல்லாம் ஓர் அறிக்கையாக எழுதினார். அதற்கு முன்பே ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இதே செங்கல்பட்டு வட்டாரத்தின் நிலைமையை வெளியே பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை 1010, 1010-ஏ வெளிவந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்யப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகு விற்பதானாலும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பின்னர் அவை வழங்கப்பட்டன. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன.

இந்த நிபந்தனை எதற்காக என்பதை மறந்துவிடக் கூடாது. பசியில் இருப்பவனிடம் நிலத்தைக் கொடுத்தால், அடுத்த பஞ்சத்தில் மிராசுதாரர் அதைக் கைப்பற்றிவிடுவார் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து அதே வேலையை மிராசுதாரருக்குப் பதில் மனை வணிகர் செய்தார்.

நகரத்துக்குப் போனவர்கள்

நிலமில்லாதவர்களுக்கு அருகிலேயே ஒரு பெருநகரம் இருந்தது. கோட்டையை ஒட்டிய கறுப்பர் நகரத்தின் பக்கத்தில் 'பெரிய பறைச்சேரி' என்ற குடியிருப்பு இருந்ததைக் கம்பெனிக் காலப் பதிவுகள் காட்டுகின்றன. சமையல், குதிரை லாயம், துறைமுகச் சுமை, தோல் பதனிடுதல், பிறகு ரயில்வே, பின்னி ஆலை என்று நகரத்தின் உடல் உழைப்பில் பெரும்பங்கு செங்கல்பட்டு, வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து வந்தவர்களுடையது. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலையின் பெயர். குரோம் லெதர் கம்பெனி அங்கே இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று அந்தப் பெயரைச் சொல்லும்போது தோலில் கைவைத்து உழைத்தவர்கள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

1876 முதல் 1878 வரை மாகாணத்தைச் சிதைத்த தாது வருடப் பஞ்சத்தில் நகரத்தை நோக்கி வந்தவர்களைக் கொண்டு நிவாரண வேலையாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி சேர்ந்த பிறகு அந்த நீர்வழிக்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் வந்தது. கூலிக்கு வெட்டப்பட்ட அந்தக் கால்வாயின் கரையில் பிற்காலத்தில் நகரத்து ஏழைகள் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகளைத்தான் நம் காலத்தில் பறக்கும் ரயிலுக்காகவும் கால்வாய்ச் சீரமைப்புக்காகவும் அகற்றினார்கள். அகற்றியவர்களில் பலரைக் கொண்டுபோய் விட்ட இடமும் அதே கால்வாயின் தெற்குப் பகுதியை ஒட்டிய பழைய மகாபலிபுரம் சாலைதான்.

நகரம் இம்மக்களுக்குக் கொடுத்த ஒன்றை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையிலிருந்துதான் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எம்.சி. ராஜா பரங்கிமலையில் பிறந்தவர். பள்ளி, அச்சகம், சங்கம், தொழிற்சங்கம் எல்லாம் நகரத்தில்தான் கிடைத்தன. கிராமத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் இதுதான். மிராசுதாரரின் கண்ணில் படாமல் நடக்க ஒரு தெரு வேண்டும். அந்தத் தெரு நகரத்தின் நடுவில் கிடைத்தது. ஆற்றோரமாக இருந்தாலும், சகதியாக இருந்தாலும், அது வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

ஏரியைத் தூர்த்து, ரயில் விட்டு

சென்னையின் நவீனப் புறநகர் 1920களில் தொடங்குகிறது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அலுவலகம் நகரத்தில், வீடு தோட்டத்துடன் வெளியே என்ற வாழ்க்கை சம்பளக்காரக் குடும்பங்களுக்குச் சாத்தியமானது. விடுதலைக்குப் பிறகு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் ரயில் பாதையை ஒட்டி நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை என்று பரவின. வீட்டுக் கடன் பெற நிரந்தரச் சம்பளமும் நிலம் வாங்கக் கைமுதலும் வேண்டும். இரண்டும் யாரிடம் இருந்தன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

புதிய நகர் வந்த இடங்களில் பழைய சேரி மறையவில்லை. ஏரிக்கரை ஓரமாக, சுடுகாட்டுப் பாதையை ஒட்டி, 'காலனி' என்ற புதுப் பெயரோடு அப்படியே நின்றது. அந்தப் பெயரும் வசையாகிப்போனதால்தான் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது ஊராட்சிகள் மாநகராட்சி வார்டுகளாயின. வார்டு எண் மாறியது. ஊர்த்தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் இடையிலிருந்த இடைவெளி பல இடங்களில் மாறவில்லை. ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு என்ற ஏற்பாடு மாநகராட்சி எல்லைக்குள்ளும் தொடர்கிறது.

பஞ்சமி நிலம் மனையான விதம்

1990களில் நிலைமை வேகம் பிடித்தது. தாராளமயத்துக்குப் பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தன. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழியாகி ராஜீவ் காந்தி சாலை ஆனது. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சிப்காட் வளாகங்களாயின. ஏரிப் பாசனம் பொய்த்து, சாகுபடியில் மிச்சமில்லாமல் கிடந்த செங்கல்பட்டு நிலத்துக்குத் திடீரென்று சென்ட் கணக்கில் விலை வந்தது.

அந்த விலை வந்தபோது பஞ்சமி நிலம் தலித் மக்களின் கையில் இருந்திருக்க வேண்டும். சட்டப்படி வேறு யாரும் அதை வாங்கவே முடியாது. ஆனால் நடந்தது வேறு. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த காகிதங்கள் கிரயமாக மாறியிருந்தன. பவர் பத்திரத்தின் வழியாக நிலம் கைமாறியது. தலித் ஒருவரின் பெயரில் வாங்கி, அனுபவிப்பது வேறொருவர் என்ற பினாமி ஏற்பாடும் நடந்தது. 1980களில் நில உடைமைப் பதிவேடுகள் மேம்படுத்தப்பட்டபோது பழைய 'அ' பதிவேட்டிலிருந்த டி.சி. குறிப்பு புதிய பதிவில் ஏறாமல் பல இடங்களில் காணாமல் போனது என்பதை நில மீட்பு இயக்கங்கள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. குறிப்பு காணாமல் போனால் வில்லங்கச் சான்றில் ஒன்றும் தெரியாது. பத்திரம் பதிவாகிவிடும். மனைப்பிரிவு போட்டு, சாலைக்கு இடம் விட்டு, அனுமதியும் வாங்கிவிட்டால் பஞ்சமி நிலம் ஏதோ ஒரு 'அவென்யூ'வின் மூன்றாவது குறுக்குத் தெருவாகிவிடும். அதை வாங்கிய நடுத்தரக் குடும்பத்துக்குக்கூடத் தாங்கள் எதன்மேல் வீடு கட்டுகிறோம் என்பது தெரிந்திருக்காது.

இதை எதிர்த்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் இதே மாவட்டம் காட்டியது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை கிராமத்தில் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்கத் தலித் மக்கள் போராடினார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நீதி கேட்டுத் திரண்டவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அவர்கள் உயிரைக் கொடுத்தது வெறும் விவசாய நிலத்துக்காக மட்டுமல்ல. அந்தப் பகுதி இன்னும் பத்து ஆண்டுகளில் என்ன ஆகப்போகிறது என்று பார்த்தால், சென்னையின் புறநகர் வளர்ச்சியில் தலித் மக்களுக்கு உரிய பங்குக்காக உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

நிபந்தனையை மீறி நடந்த பஞ்சமி நில விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. குழுக்களும் அமைக்கப்பட்டன. தீர்ப்பு இருக்கிறது, நிலம் திரும்பவில்லை.

உள்ளே இருந்தவர்கள் வெளியே

இனி நகரத்துக்குள் வருவோம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்கக் காலத்தில் வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. இடிந்து விழும் நிலையில் இருக்கும் அந்தப் பழைய கட்டடங்களைப் பலர் கேலி செய்வார்கள். ஆனால் அவை மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் இருக்கின்றன. நகரத்தின் நடுவில் ஏழைக்கும் இடம் உண்டு என்ற கொள்கையின் சாட்சி அவை. 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தரும் முறை வந்தது. அதுவும் அன்றைய விளிம்புதான் என்றாலும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகும் தூரம்.

2000க்குப் பிறகு கொள்கை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அதற்கும் தெற்கே செம்மஞ்சேரி, 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமியில் வீடிழந்த கடற்கரை மக்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். அடுத்து ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் நிதியில் பெரும்பாக்கம், ஏறத்தாழ 20 ஆயிரம் வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் மேற்கே கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. இப்படி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அப்புறப்படுத்தும் முறை மாறவில்லை.

வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றவே வெளியேற்றுகிறோம் என்றார்கள். அப்படியானால் எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் சுற்றியிருக்கும் தாழ்வான பகுதிகள். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அதன் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பை மேடும் இருக்கிறது. ஆற்றோரக் குடிசை ஆக்கிரமிப்பு என்றால் சதுப்பு ஓரத்து எட்டு மாடிக் கட்டடம் என்ன? அதே சதுப்பைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் என்ன? ஏழையின் வீடு மட்டும்தான் தண்ணீரைத் தடுக்கிறதா?

வேலை, பள்ளி, முகவரி

களப்பணியில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. மயிலாப்பூரில், மந்தைவெளியில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்த அக்காக்கள் காலை ஆறு மணிக்கு நடந்தே போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீடு திரும்பி, மறுபடி போவார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு அது முடியாது. ஒரு வீட்டு வேலைதான் மிஞ்சும், அதிலும் பாதி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகும். மீன்பாடி வண்டி ஓட்டியவர், பூக்கட்டியவர், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர் எல்லோருக்கும் இதே கதை. பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன. துப்புரவு, காவல், கேன்டீன் வேலைகள் ஒப்பந்தக்காரர் மூலம் கிடைக்கின்றன. நகரத்தின் நடுவில் இருந்த சேரி நகரத்துக்குச் செய்ததைத்தான் கண்ணகி நகர் ஐ.டி. சாலைக்குச் செய்கிறது.

கல்வியாண்டின் நடுவில் வெளியேற்றினால் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். குறிப்பாகப் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பெண் பிள்ளைகள். குடிபோகும் அன்று பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் தயாராக இருப்பதில்லை. ஆள் வந்து, போராட்டம் நடந்து, சில ஆண்டுகள் கழித்து அவை வருகின்றன. வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது, கிரயப் பத்திரம் பலர் கைக்கு வரவில்லை. 1891இல் சேரிக்காரர் நின்ற மண் அவருடையது இல்லை என்று டிரெமன்ஹீர் எழுதினார். இன்று அந்த வாக்கியத்தில் 'மண்' என்பதற்குப் பதில் 'எட்டாவது மாடி' என்று போட்டுக்கொள்ளலாம்.

முகவரிக்கும் சாதி உண்டு. இந்தக் குடியிருப்புகளின் பெயரைச் சொன்னதும் நேர்காணலில் முகம் மாறுகிறது, கடன் கேட்ட இடத்தில் மனு கிடப்பில் போகிறது. எங்கோ திருட்டு நடந்தால் போலீஸ் இங்கே வந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. உறவினர் முகவரியை எழுதி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். பிறப்பிடத்தை மறைத்து வாழும் நிலை கிராமத்தில் இருந்தது. அதைப் புதிதாக ஒரு நகர்ப்புறத்தில் உருவாக்கியிருக்கிறோம். இதையெல்லாம் மீறித்தான், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். அவர் பயிற்சி எடுத்தது வசதிகளால் அல்ல, வசதி இல்லாதபோதும் விடாத மனிதர்களால்.

சாக்கடை போகாத இடத்தில்

புறநகர் வளர்ச்சியின் இன்னொரு விளைவைப் பற்றி நகரமைப்பு நிபுணர்கள் அதிகம் பேசுவதில்லை. வீடுகள் போகும் வேகத்தில் பாதாளச் சாக்கடை போவதில்லை. மாநகராட்சியோடு இணைந்து பல ஆண்டுகளான பகுதிகளிலும் அடுக்குமாடிகள் செப்டிக் டேங்கை நம்பியே இருந்தன, இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு புதிய அடுக்குமாடியும் ஒரு புதிய தொட்டி. தொட்டி நிரம்பினால் லாரி வரும். லாரியின் குழாய் அடியிலிருக்கும் கசடை எடுக்காவிட்டால் ஓர் ஆள் இறங்குவார். அந்த ஆள் யார் என்பதை இந்த நாட்டில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் இந்த மரணங்களில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. இவற்றை விபத்து என்று பதிவு செய்கிறார்கள். சாக்கடை போடாமல் கட்டட அனுமதி கொடுத்ததன் விளைவு என்று யாரும் பதிவு செய்வதில்லை. வளர்ச்சியின் செலவு என்று ஒன்று உண்டு. அதை யார் உடலால் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பாடப்புத்தகமும் நம் ஊரும்

சமூகவியல் வகுப்பில் எங்களுக்குச் சிகாகோவைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1925இல் பர்ஜஸ் வரைந்த வட்டங்கள்: நடுவில் வணிகம், அதையொட்டி ஏழைகள், வெளி வட்டங்களில் வசதியானவர்கள். அமெரிக்கப் புறநகரின் கதையும் நிறவெறியின் கதைதான். லெவிட்டவுன் போன்ற புதிய குடியிருப்புகளில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். வெள்ளையர் வெளியே போனார்கள், கறுப்பினத்தவர் நடுநகரில் விடப்பட்டார்கள்.

சென்னையில் வட்டம் வேறு மாதிரி. இங்கே நடுநகரின் விலையும் குறையவில்லை, விளிம்பின் விலையும் குறையவில்லை. இரண்டு இடத்திலும் விலை ஏறும் நிலத்தில் தலித் மக்கள் இருக்கக் கூடாது. விலையே இல்லாத சதுப்பு ஓரம், குப்பை மேட்டு ஓரம், ஏரி உள்வாய் ஆகியவைதான் அவர்களுக்கு. அமெரிக்காவில் எழுதி வைத்ததை இங்கே எழுதாமலே நடத்துகிறார்கள். புறநகர் அடுக்குமாடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் தலித் குடும்பத்திடம் 'நீங்க வெஜிடேரியனா' என்று முதலில் கேட்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தகரக் கூரையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு வந்ததில் நிம்மதி அடைந்தவர்களும் இருக்கிறார்கள். தனிக் கழிவறை கிடைத்த பெண்ணிடம் அது முக்கியமில்லை என்று நாம் சொல்ல முடியாது. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்ப் பண்ணை வேலையை விட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நம் எதிர்ப்பு நகரமயத்துக்கு எதிரானது அல்ல. நல்ல வீட்டையும் நல்ல இடத்தையும் ஏன் ஒருசேரத் தர முடியாது என்பதுதான் கேள்வி. 1970களில் இதே அரசு எந்திரம் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

இனி என்ன?

2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 5 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்படும் அந்தத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்கள் போராடின. சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாமலே தொழில் நோக்கத்துக்கு நிலமெடுக்கத் தமிழ்நாட்டின் 1997 சட்டம் வழிவிடுகிறது. பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு, ஏரியில் மீன் பிடித்தவருக்கு, புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கு என்ன கணக்கு? 1892இல் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகளை ஒரே மேடையில் வைக்க வேண்டிய நேரம் இது. விரிந்த பெருநகர் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராமத்திலும் பழைய 'அ' பதிவேட்டை இன்றைய பதிவோடு ஒப்பிட்டு, டி.சி. நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு அரசு வெளியிட வேண்டும். அது முடியும்வரை அந்த எண்களில் மனைப்பிரிவு அனுமதியும் பத்திரப் பதிவும் நிறுத்தப்பட வேண்டும். மீட்க முடிந்த நிலம் உரியவர்களுக்கு, கட்டடமாகிவிட்ட நிலத்துக்கு அதே வட்டாரத்தில் மாற்று நிலம். நகரத்துக்குள் குடிசைகள் இருக்கும் இடத்திலேயே அல்லது நடந்துபோகும் தூரத்தில் வீடு. ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்குப் பெண்கள் பெயரில் கிரயப் பத்திரம். சாக்கடை இணைப்போ முழு இயந்திரச் சுத்திகரிப்போ இல்லாத அடுக்குமாடிக்கு அனுமதி இல்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது. ரயில் ஓடத் தொடங்கினால் கண்ணகி நகர் நிலத்துக்கும் விலை ஏறும். அன்றைக்கு, இந்த வீடுகள் பழுதாகிவிட்டன, இன்னும் நல்ல இடத்தில் கட்டித் தருகிறோம் என்று ஒருவர் கோப்போடு வருவார். அவர் வருவதற்கு முன் அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் பத்திரம் இருக்க வேண்டும். நாம் இப்போது செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஜெய்பீம்.